இலவம்பஞ்சு மெத்தையை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோன மூவர்

வடகரைப்பேட்டையில் வலைப்பதிவு எழுதிக் கொடுப்பவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மடிக்கணினி, ஒரு மேசை, ஒரு சான்றிதழ். சான்றிதழில் மூன்று பெயர்களுக்கும் இடம் போதாமல் கடைசிப் பெயர் கண்ணாடிச் சட்டத்துக்கு அடியில் மறைந்துவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவன் லூர்து. யாராவது சந்தேகப்பட்டால் ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, பின்பலகையை எடுத்துத் தன் பெயரைக் காட்டுவான். யாரும் சந்தேகப்படாத நாட்களிலும் காட்டுவான்.

மூவரில் மூத்தவர் சிகாமணி. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் கேட்டவருக்கே பதில் தெரிந்துவிடும். அதனால் அவர் இதுவரை தவறான பதில் சொன்னதில்லை. இரண்டாமவள் மங்கையர்க்கரசி. கையெழுத்து அழகு என்பதால், கணினியில் தட்டவேண்டிய எல்லாவற்றையும் முதலில் கோடு போட்ட தாளில் எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்துவிட்டுத்தான் தட்டுவாள்.

இவர்கள் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போய் ஒருநாள் பயிற்சி பெற்றிருந்தார்கள். எழுதினால் மட்டும் போதாது, எழுதியது தேடுகிறவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் பாடம். வேகமாகப் பேசும் ஓர் இளம்பெண் பாடம் நடத்தி, விதிகள் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினாள். தாளைச் சுவரில் ஒட்டினார்கள். அதில் இருப்பதைச் செய்வது, இல்லாததைச் செய்யாமலிருப்பது என்று முடிவெடுத்தார்கள்.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் ஜுலைகா. இலவம்பஞ்சு மெத்தைக் கடைக்காரர். மலைமேல் இருக்கும் ஒரு விடுதி நாற்பது மெத்தைகள் கேட்டிருந்தது. தைத்து முடித்தபிறகு, ஸ்பாஞ்சுக்கு மாறிவிட்டோம், மன்னிக்கவும் என்றது. நாற்பதும் கடைக்குள் மலையாகக் கிடந்தன. கடைக்கூரை ஓட்டை. மழைக்காலம் முடிந்ததும் கட்டடத்தை இடிக்கப்போவதால் கூரையில் கை வைக்கமாட்டேன் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். புரட்டாசியில் பதினைந்து நாள் மிச்சம் இருந்தது.

"ஒரு தடவ நனைஞ்சா போச்சு தம்பி," என்றார் ஜுலைகா. "அடைமழைல காயப்போட வெயில் ஏது? வாடை ஏறிடும். நாய்கூடப் படுக்காது. ஆறு மாசம் நானும் ரெண்டு பொம்பளைங்களும் உக்காந்து தச்சது. போன்ல தேடினா முதல்ல வர்ற கடைக்குத்தான் ஜனம் போகுதாமே? நானும் மெத்தைன்னு போட்டுத் தேடினேன். மலேசியாக் கடையெல்லாம் வருது. என் கடை வரல."

"உங்க கடை எங்க இருக்கு அக்கா?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"இதோ, உங்க ஜன்னலுக்கு எதுத்தாப்ல."

லூர்து எழுந்துபோய்ப் பார்த்தான். "தேடாமலே தெரியுதே! சுலபமான வேலை அண்ணே."

சுவரில் இருந்த முதல் விதி இது: மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்களோ அது தலைப்பில் வரவேண்டும், முதல் பத்தியில் வரவேண்டும், பிறகு பதிவு முழுக்க ஆங்காங்கே இயல்பாக வரவேண்டும்.

தலைப்பிலும் முதல் பத்தியிலும் சிரமமில்லை. இயல்பாக என்ற இடத்தில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"எழுதும்போது மட்டும் வந்தா அது இயல்பு இல்ல," என்றார் சிகாமணி, துடைத்து முடித்து. "பேசும்போதே வரணும். முதல்ல பேசிப் பழகுவோம்."

தேநீர்க் கடையில் பழகினார்கள்.

"மாஸ்டர், இலவம்பஞ்சு மெத்தை மூணு டீ," என்றான் லூர்து. "ஒண்ணுல இலவம்பஞ்சு மெத்தை சர்க்கரை வேணாம்."

மாஸ்டர் முப்பது வருடமாகப் பலவிதமான ஆட்களுக்கு டீ ஆற்றியவர். "வடையும் இலவம்பஞ்சுல போடட்டுமா, இல்ல சாதா வடை போதுமா?" என்றார்.

இரண்டு நாள் பழகியதில் இயல்பு வந்துவிட்டது. பதிவும் வந்தது. "இலவம்பஞ்சு மெத்தை என்பது இலவம்பஞ்சால் ஆன மெத்தை ஆகும். இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தவர்கள் இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தது போலவே இருப்பதாகச் சொல்கிறார்கள். இலவம்பஞ்சு மெத்தை இல்லாத வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இல்லை." இப்படி மூன்று பக்கம்.

ஜுலைகா முழுக்கப் படித்தார். "பொய் ஒண்ணும் இல்ல," என்று ஒப்புக்கொண்டார்.

ஆறு நாள் போயிற்று. ஒருவரும் வரவில்லை. தேடிப் பார்த்தால் பதினான்காம் பக்கத்தில், குதிரை லாடம் விற்கும் கடைக்குக் கீழே, பதிவு தனியாக நின்றுகொண்டிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுபடி சுவரைப் பார்த்தார்கள். முதல் விதிக்கு அடுத்த இரண்டு விதிகளைப் படித்தார்கள். ஒன்று: படம் போட்டால், அதைப் பார்க்க முடியாதவருக்கும் புரியும்படி படத்தோடு ஒரு விவரிப்பு எழுதுங்கள். இன்னொன்று: பதிவு பழசாகக் கூடாது, அவ்வப்போது எதையாவது புதுப்பியுங்கள்.

படத்தை மங்கையர்க்கரசி எடுத்துக்கொண்டாள். புதுப்பிப்பதை ஆண்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் கடைக்குப் போனபோது விரித்து வைத்த மெத்தையின் நடுவே ஒரு மஞ்சள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்து வந்து நான்கு தாள் எழுதினாள். ஒரு வரி எழுதினால் போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பார்க்க முடியாதவருக்கு ஒரு வரி மட்டும் கொடுப்பது அவளுக்கு ஓரவஞ்சனையாகப் பட்டது.

"படத்தில் ஒரு மெத்தை இருக்கிறது. வெள்ளைத் துணியில் நீலக் கோடு. தைத்தவர் இடதுகைக்காரராக இருக்கவேண்டும், தையல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல. நடுவில் ஒரு மஞ்சள் பூனை தூங்குகிறது. அதை எழுப்ப மூன்று முறை முயன்றோம். முதல் முறை ஒரு கண்ணைத் திறந்தது. இரண்டாம் முறை அதையும் திறக்கவில்லை. மூன்றாம் முறை எழுப்பப் போன லூர்து அதன் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். வலது ஓரத்தில் தெரியும் கால் அவருடையது. கூரையின் ஓட்டை வழியாக ஒரு வட்டம் வெயில் மெத்தைமேல் விழுகிறது. இன்னும் சில நாளில் அதே இடத்தில் மழை விழும். அதற்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போனால், தைத்தவருக்கும் தூக்கம் வரும்."

இதைப் படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். கண் தெரிந்தவர்களுக்கு அது தெரியாது.

இதே வேளையில் ஆண்கள் இருவரும் எதைப் புதுப்பிப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தலைப்ப மாத்தலாமா அண்ணே?"

"சொல் இருக்குற இடம். கை வைக்கக் கூடாது."

"மெத்தையோட நீளம் அகலம்?"

"அளந்து எழுதினது. மாத்தினா பொய்யாயிடும்."

"விலை?"

"அக்கா தொலைச்சுடுவாங்க."

"அப்ப மிச்சம் இருக்குறது விலாசம் ஒண்ணுதான்," என்றான் லூர்து. பிறகு அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அதை மாத்தினா மட்டும் பொய் இல்லையா?"

சிகாமணி வெகுநேரம் துடைத்தார். "இல்ல. நாம எந்த விலாசத்தப் போட்டாலும் அப்படி ஒரு இடம் ஊர்ல இருக்கத்தானே செய்யுது? இருக்குறத எழுதினா எப்படிப் பொய்யாகும்?"

திங்கட்கிழமை தபால் நிலையத்தின் விலாசத்தைப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. புதன்கிழமை கால்நடை மருந்தகம். ஒவ்வொரு காலையும் விலாசம் பனித்துளிபோல் புத்தம் புதிதாக இருந்தது.

இந்த இடத்தில் ஆளவந்தாரைப் பற்றிச் சொல்லவேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பத்து வருடமாகக் கண் தெரியாது. கைப்பேசியில் இருப்பதை அதுவே அவருக்கு வாசித்துக் காட்டும். முதுகுவலிக்கு நல்ல மெத்தை தேடி, பொறுமையாகப் பதினான்காம் பக்கம்வரை போனவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். கைப்பேசி இலவம்பஞ்சு மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை என்று நூறு தடவை சொன்னது. எரிச்சலில் அணைக்கப் போனார். அப்போது அது படத்துக்கு வந்தது.

அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினார். அப்படியே பதிவுசெய்து எக்ஸ்சேஞ்ச் ஓய்வூதியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். ஓய்வூதியக்காரர்களுக்கு நேரம் நிறைய. இரண்டே நாளில் மாவட்டம் முழுவதும் எழுந்திருக்காத பூனையையும் லூர்துவின் காலையும் தேடத் தொடங்கிவிட்டது. தேடுபொறிக்கு வேறு வழியில்லை. மலேசியாவைக் கீழே தள்ளிவிட்டுப் பதிவை முதல் பக்கத்தில் முதல் இடத்தில் வைத்தது.

மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜுலைகா கடையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வாசலில் நின்றார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பதினோரு மணிக்கு ஒரு போன் வந்தது.

"அம்மா, கால்நடை மருந்தகத்துலேருந்து டாக்டர் பேசுறேன். இங்க பதினாலு பேர் வரிசைல நின்னு மெத்தை கேக்குறாங்க. நேத்து தண்ணித் தொட்டி, முந்தாநாள் தபாலாபீஸ்னு விலாசம் போட்டிருந்துச்சாம். உள்ள ஒரு எருமைக்குக் கன்னு திரும்பிக் கெடக்கு. நான் யாரப் பாக்குறது?"

"எருமையப் பாருங்க டாக்டர்," என்றார் ஜுலைகா. அவர் எப்போதும் நிதானமானவர். போனை வைத்ததும் அந்த நிதானம் போய்விட்டது. தெருவைக் கடந்து, மாடிப்படி ஏறி, மூவருக்கும் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு பேர் வந்திருக்காங்க. என்னைத் தேடித்தானே வந்தாங்க? தபாலாபீசுல எத்தனை பேர் நின்னாங்களோ, தொட்டிக்குக் கீழ எத்தனை பேர் நின்னாங்களோ. வானம் கறுத்துக்கிட்டு வருது. என் உண்மையான விலாசத்தப் போடுங்கப்பா."

"அது பழைய விலாசமாச்சே அக்கா," என்றார் சிகாமணி வருத்தத்தோடு.

"பதினெட்டு வருசமா அதான் விலாசம்!"

"அதத்தான் நாங்களும் சொல்றோம். ரொம்பப் பழசு."

லூர்துவுக்குத்தான் வழி தோன்றியது. "அண்ணே, அந்த விலாசத்த நாம மூணு நாளா போடலயே? இப்பப் போட்டா புதுசுதானே?"

சிகாமணி துடைத்தார். ஏற்றுக்கொண்டார். உண்மையான விலாசம் புத்தம் புதிதாக மறுபடி வெளியானது.

மறுநாள் காலை கடை திறந்தபோது முப்பத்திரண்டு பேர் வாசலில் நின்றார்கள். தபால் நிலையத்தில் ஏமாந்தவர்கள், தொட்டிக்கடியில் காத்திருந்தவர்கள், எருமைக்குப் பின்னால் நின்றவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில். முன்னால் ஆளவந்தார், மனைவியின் தோளைப் பிடித்தபடி.

"பூனை எங்க?" என்றார் அவர்.

பூனை அதே மெத்தையில் இருந்தது. கூட்டம் உள்ளே போய்ப் பூனையைப் பார்த்தது. படம் எடுத்தது. ஒருவர் எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. வந்த காரியம் முடிந்தது. முன்னால் நின்ற ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கூட்டத்தைப் பார்க்க மற்ற இருவரோடு கடைக்குள் வந்து நின்ற மங்கையர்க்கரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரிலிருந்த நான்காம் விதி அவளுக்கு மனப்பாடம்: வருகிறவர்கள் வந்தவுடன் திரும்பிப் போனால் உங்கள் இடம் இறங்கிவிடும், குறைந்தது மூன்று நிமிடமாவது அவர்களை இருக்க வையுங்கள்.

"அண்ணே, நாப்பது நொடில போறாரு!"

"ஷட்டர்!" என்றார் சிகாமணி. வாழ்நாளில் அவர் துடைக்காமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

லூர்து தாவி ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். பதினெட்டு வருடமாகப் பாதிக்குமேல் இறங்கியறியாத அந்த ஷட்டர், அவனையும் சேர்த்துக்கொண்டு, பெரிய சத்தத்தோடு தரைவரை இறங்கியது.

"என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினார் செருப்பு மாட்டியவர்.

"மூணே நிமிசம் சார். அதுக்கப்புறம் நீங்க தாராளமாப் போலாம்," என்றாள் மங்கையர்க்கரசி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக மூன்று நிமிடம் ஆனதும், "எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வாங்க," என்று கும்பிட்டாள்.

ஷட்டர் எழவில்லை. லூர்து தூக்கினான். சிகாமணி தூக்கினார். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஒரு பக்கம் தடத்தை விட்டு விலகி இறுகிப்போயிருந்தது. ஜுலைகா ஷட்டர் ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்.

"வர்றேன்கா. ஆனா மழை புடிச்சுக்கிச்சே. விட்டதும் வர்றேன்," என்றார் அவர்.

அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் இங்கேயும் மழை வந்துவிட்டது. தகரக் கூரைமேல் யாரோ கூடை கூடையாகப் பயறு கொட்டுவதுபோல. ஜுலைகா ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

முப்பத்திரண்டு பேர் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? உட்கார மெத்தைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. முதலில் ஓரமாக உட்கார்ந்தார்கள். பிறகு காலை மேலே தூக்கி வைத்தார்கள். மழை, இருட்டு, இலவம்பஞ்சு. செருப்பு மாட்டியவர்தான் முதலில் குறட்டை விட்டார்.

ஆளவந்தார் மெல்ல முதுகைச் சாய்த்தார். சாய்த்தவர் அசையாமல் அப்படியே கிடந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார் மனைவி.

"சும்மா இரு. முதுகு இருக்குற இடம் தெரியலடி. பத்து வருசத்துல இப்பத்தான் தெரியல." பிறகு குரலை உயர்த்தினார். "கடைக்காரம்மா, இது எனக்கு. பக்கத்துல இருக்குறது இவளுக்கு. எழுதிக்குங்க."

"எனக்கும் இது," என்றார் தூக்கத்திலிருந்து செருப்பு மாட்டியவர்.

"அந்த நீலக்கோடு என்னுது. நான்தான் முதல்ல படுத்தேன்!" என்றது ஒரு பெண்குரல்.

"பூனையோட சேத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் ஒரு வாத்தியார்.

"பூனை என்னுது இல்லீங்க. அதுவா வருது. மெத்தைய மட்டும் தர்றேன்," என்றார் ஜுலைகா.

மகளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று என்று சிலர் இரண்டாக எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் நாற்பதும் தீர்ந்துபோயின. அப்போதுதான், பின்பக்கக் கூரை ஓட்டையில் அடைத்து வைத்திருந்த கோணி ஊறி, ஒழுகத் தொடங்கியது. ஜுலைகா பழக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடியவர் பாதியில் நின்றார். "ஐயோ, என் மெத்தை!" என்று அங்கங்கே குரல்கள் எழுந்தன. ஒவ்வொருவரும் தன் மெத்தையைக் கட்டி இழுத்துக்கொண்டு நனையாத முன்பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவேண்டிய இடத்தில் ஒரு மெத்தைகூட இல்லை.

ஜுலைகா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மழை வெறும் தரையில் விழுவதை, வேறு யாருடைய மழையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூலையில் நின்ற மூவரின் முகமும் வாடியிருந்தது. இத்தனை பேர் தங்களால் மாட்டிக்கொண்டார்களே என்று அவர்களுக்கு உறுத்தல்.

"ரிப்பேர்காரர்தான் வர்றாரே," என்றாள் மங்கையர்க்கரசி.

"ஒருத்தர்," என்றார் சிகாமணி. "போன் பண்ணினா ஒருத்தர் வருவாரு. பதிவு போட்டா ஊரே வரும். நமக்கு வேற என்ன வேலை தெரியும்?"

தலைப்பு உடனே கிடைத்தது: இறுகிய ஷட்டரைத் திறக்க ஏழு எளிய வழிகள்.

"ஏழு வழி எழுதணுமே அண்ணே. ஒண்ணுகூட நமக்குத் தெரியாதே."

"தெரிஞ்சா ஏம்மா எழுதிக்கிட்டு இருக்கோம்? திறந்துக்கிட்டுப் போயிருப்போமே. தெரிஞ்சவங்க படிச்சுட்டு வந்து செய்வாங்க. நீ ஒண்ணுலேருந்து ஏழுவரைக்கும் நம்பர மட்டும் போடு."

கைப்பேசியிலேயே நம்பர்களைப் போட்டார்கள். கீழே, முப்பத்திரண்டு பேர் உள்ளே இருக்கிறோம், மழையாக இருக்கிறது, மெத்தைகள் நன்றாக இருக்கின்றன என்று எழுதி வெளியிட்டார்கள். பிறகு லூர்து கைப்பேசியில், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மெத்தைகளில் சாய்ந்திருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. ஒவ்வொருவராகக் கைப்பேசியை எடுத்தார்கள். ஆளவந்தாரின் கைப்பேசி, "வழி ஒன்று. வழி இரண்டு. வழி மூன்று," என்று உரக்க வாசித்தது.

"அண்ணே!" என்றான் லூர்து. "அஞ்சு பேர் படிக்கிறாங்க! இப்ப பதினேழு! அண்ணே, முப்பத்திரண்டு!"

"எந்த ஊரு?"

"எல்லாரும் நம்ம ஊருதான்."

"வந்துட்டு உடனே போயிடுறாங்களா?"

"ஒருத்தர்கூடப் போகலண்ணே. வந்தவங்க அப்படியே இருக்காங்க."

"அந்த முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தராவது ஸ்பேனர் வச்சிருக்காரான்னு கேளுங்க தம்பி," என்றார் ஆளவந்தார் படுத்தபடியே.

"அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம் சார்," என்றார் சிகாமணி. அவர் கவலை வேறாக இருந்தது. கடையைச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றார்.

"பெரியவங்க எல்லாரும் கொஞ்சம் எழுந்து சுவர் ஓரமா ஒதுங்கி உக்காருங்க. நம்மள வெளிய எடுக்க முப்பத்திரண்டு பேர் வர்றாங்க. அவங்களுக்கும் உள்ள இடம் வேணும் இல்லையா?"

முப்பத்திரண்டு பேரும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அவரவர் மெத்தையை இழுத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பேருக்குத் தாராளமாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.